எண்ணெயை எடுத்த இடத்தில்

பிறை, பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நலம். போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேருமே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

தைப்பூசத்துக்கு வந்திருந்த பத்து நாளும் நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவித்த புரோக்கோலி, வெறும் சோறு, ரொட்டி, தர்பூசணி. தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இறங்கி வந்த அன்றுகூட, தாளிக்காத பருப்பாகப் பார்த்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைக்கச் சொன்னாய். தேங்காய் வேண்டாம், கச்சான் (நிலக்கடலை) வேண்டாம், மீனும் வேண்டாம். கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து உனக்குப் பயம்; எண்ணெயே இல்லாமல் வாழலாம் என்று சொல்லி அதை அடியோடு விட்டுவிட்டாய். அப்பா பட்டதை அறிந்த பிள்ளைக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் அப்பா கதையில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. 2011ல் இதயத்தில் பைபாஸ் அறுவை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது நீ மெல்பர்னில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். நான் செய்த முதல் வேலை, அடுப்படியில் இருந்த எண்ணெய்க் கலனைத் தூக்கிக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்ததுதான். மீனை அவித்தேன், கத்தரிக்காயை அவித்தேன், முட்டைக்கோசை அவித்தேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வாய் வைத்துவிட்டுக் காய்கறியை ஓரமாகத் தள்ளிவிடுவார். பசி சும்மா இருக்குமா? சோறு கூடியது. நாலு மணிக்கு பிஸ்கட். டின் பால் ஊற்றிய தேத்தண்ணி ஒரு நாளைக்கு நாலு. எண்ணெய்தான் இல்லையே என்ற தைரியத்தில் நானே கலக்கிக் கொடுத்தேன். ஆறே மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறியிருந்தது. இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) வந்துவிட்டது.

கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்லும் மலாய்க்காரப் பெண் நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எண்ணெயை எடுத்தீங்க, சரி. எடுத்த இடத்தில என்ன வச்சீங்க?" எனக்கு வாய் அடைத்துப்போனது.

உன் தட்டைப் பார்த்தபோது அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். அந்த ரத்தம்தான் உன் உடம்பிலும் ஓடுகிறது. கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைச் சோற்றையும் ரொட்டியையும் நிரப்புவது நமக்கு ஆகாது, பாப்பா.

நீ சொல்வதில் உண்மை இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பாட்டில் எண்ணெய் இல்லாமல் மனுஷர் நன்றாக வாழலாம். எள்ளு, கச்சான், மீன், பாதாம் இவற்றைச் சாப்பிட்டால் அதிலேயே கொழுப்பு கிடைத்துவிடும். ஆனால் கொழுப்பே இல்லாமல் வாழ முடியாது. ஒமேகா 3, ஒமேகா 6 என்கிறார்களே, அந்த இரண்டுக்கும் மூலமான கொழுப்பு அமிலங்களை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும். நீ கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடும் அந்தக் கேரட்டின் சத்துகூடக் கொஞ்சம் கொழுப்போடு சேர்ந்து போனால்தான் நன்றாக ஒட்டும். அண்ணனை விட்டுத் தேடிப் படிக்கச் சொன்னேன். உணவு வேளாண் நிறுவனம் 2010ல் வெளியிட்ட அறிக்கையில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ஒரு நாள் கலோரியில் 20 விழுக்காடாவது கொழுப்பிலிருந்து வர வேண்டும் என்று இருக்கிறதாம். உலகச் சுகாதார நிறுவனம் மேல் எல்லையை 30 என்று வைத்திருக்கிறது. அதில் தேங்காய், நெய், இறைச்சியில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு 10ஐத் தாண்டக் கூடாது. உன் தட்டில் நான் பார்த்தது அந்த 20ஐத் தொட்டிருக்காது.

எண்ணெயை விடச் சொல்லி நீ அனுப்பிய வீடியோவையும் முழுசாகப் பார்த்தேன். அதில் சொல்லும் அமெரிக்க டாக்டர் டீன் ஓர்னிஷின் 1990 ஆய்வு உண்மையானதுதான். இதய நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் அடைப்பு குறைந்தது. ஆனால் அந்த நோயாளிகள் சிகரெட்டை விட்டார்கள், நடந்தார்கள், மன அமைதிக்குப் பயிற்சி செய்தார்கள், எண்ணெயை விட்டு மரக்கறிக்கு மாறினார்கள். இத்தனையில் எண்ணெயை விட்டதற்கு மட்டும் எவ்வளவு பங்கு என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்பெயினில் ஏழாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்துக் காய்கறி, பருப்பு, மீன் சாப்பிட்டவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. 2013ல் வந்த அந்த ஆய்வில் ஆட்களைப் பிரித்த முறையில் பிழை கண்டு திரும்பப் பெற்று, 2018ல் திருத்தி வெளியிட்டார்கள். அப்போதும் முடிவு பெரிதாக மாறவில்லை.

எந்த எண்ணெய் என்பதுதான் பெரிய விஷயம். அம்மாவுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நிபோங் திபால் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போகும்போது எனக்குப் பதினாறு வயது. அப்போது பூவுக்கு மகரந்தம் போடுவது நாங்கள்தான். மகரந்தத்தைப் பவுடரில் கலந்து கொடுப்பார்கள். மட்டைக்கு இடையில் கையை விட்டால் முள் கிழிக்கும். பெண்பூ விரிந்திருந்தால் சோம்பு வாசனை அடிக்கும்; அந்த வாசனையை வைத்துத்தான் எந்த மரம் என்று கண்டுபிடிப்போம். 1981ல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலை வண்டுக்குப் போய்விட்டது. நம் வீட்டுச் சோறு அந்த மரத்தால் வந்தது, அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்: பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல். நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. உங்கள் ஊர்ப் பக்கம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே கனோலா, அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஒமேகா 3யும் கொஞ்சம் இருக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் குறைய வேண்டுமென்றால் பாமாயில், தேங்காயெண்ணெயைக் குறைத்து அந்த இடத்தில் பின்னால் சொன்ன எண்ணெய்களை வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் பள்ளிக்கூடச் செலவுக்காக ஒட்டுக்கடை போட்டு வடை சுட்டேனே, அந்த எண்ணெயை நான் தினமும் மாற்றியதில்லை. இரண்டு நாள், மூன்று நாள் அதே எண்ணெய். தேத்தண்ணி நிறத்துக்கு வந்த பிறகும் மேலே புதுசு கொஞ்சம் ஊற்றிக்கொள்வேன். வடையைப் போட்டதும் நுரை சட்டி விளிம்புவரை எழும்பும். பின்சுவரில் ஒட்டிய மஞ்சள் பிசின் சோப்புக்கும் போகாது, கத்தியால் சுரண்ட வேண்டியிருந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் சிதைந்து கெட்டதாக மாறுகிறது என்று அப்போது எனக்குச் சொல்வார் இல்லை. விற்காத வடையை உங்களுக்குத்தான் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று பாட்டி சொல்வார். வாணியன் என்றால் செக்கில் எண்ணெய் ஆட்டுபவர். பாட்டி காலத்தில் வாணியன் எண்ணெய் சின்னக் கிண்ணத்தில்தான் வீட்டுக்கு வந்தது. நம் வீட்டில் 5 கிலோ கலன் இரண்டு மாதம்கூட வராது. இப்போது நானும் அப்பாவும் மாதம் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்கிறோம். பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதே இல்லை, தேக்கரண்டிதான். மூன்று தேக்கரண்டி 120 கலோரி, அதனால் அளவு முக்கியம். ஆனால் அந்த ஒரு கரண்டியில் கடுகும் கறிவேப்பிலையும் வெடித்தால் அப்பா ஒரு சட்டிக் கீரையைச் சாப்பிட்டுவிடுகிறார். ஓரமாகத் தள்ளிய கீரை யார் உடம்பில் சேர்ந்தது?

வாரத்தில் இரண்டு நாள் மீன் சாப்பிடு. தினமும் ஒரு பிடி கச்சான் சாப்பிடு. சோற்றைக் குறை. டாக்டர் மாத்திரை எழுதினால், எண்ணெயைத்தான் விட்டுவிட்டேனே என்று தள்ளிப்போடாதே.

இந்த மாதப் பாட்டில் மூடியில் அப்பா வாங்கிய தேதியை எழுதி வைத்திருக்கிறார். அது அவர் வேலை, என்னை எழுத விடமாட்டார். நீயும் ஒரு சின்ன பாட்டில் கனோலா வாங்கித் தேதி எழுதிப் படம் அனுப்பு, அவருக்குக் காட்டுகிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் அனுப்பு. ட்ரைகிளிசரைடு எண்ணையும் சேர்த்து அனுப்ப மறக்காதே.

அன்புடன்,
அம்மா