ஆறு ஓட்டு ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர் என்றாலே குடியரசுக் கட்சியின் கோட்டை என்று முத்திரை குத்திவிடுகிறோம். நியூ ஹாம்ப்ஷயரின் டிக்ஸ்வில் நாட்ச்சைப் பாருங்கள். 1960 முதல் அதிபர் தேர்தல் நாளின் நள்ளிரவிலேயே ஓட்டுப் போட்டு, உடனே எண்ணி முடித்துவிடும் குக்கிராமம். அந்த 1960-இல் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு 9, ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு ஒன்றுகூட இல்லை. 2008-இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு 15, குடியரசுக் கட்சியின் மெக்கெயினுக்கு 6. 2020-இல் விழுந்த ஐந்து ஓட்டும் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு. 2024-இல் ஜனநாயகக் கட்சியின் ஹாரிஸ் 3, குடியரசுக் கட்சியின் டிரம்ப் 3.

இந்தக் கடைசிக் கணக்குதான் என்னை யோசிக்க வைத்தது. அந்த ஆறு பேரில் நால்வர் வாக்காளர் பதிவில் தம்மைக் குடியரசுக் கட்சியினராகப் பதிந்தவர்கள். இருவர் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள். அப்படியென்றால் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவராவது ஹாரிஸுக்கு வாக்களித்திருக்க வேண்டும். மாநிலம் மாநிலமாகக் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பும் ஜனநாயகக் கட்சிக்கு நீலமும் பூசும் பத்திரிகைகள், ஊர்வாரி எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும்.

— வாசகர், பாஸ்டன்