ரெப்போவுக்குப் பெயர் வைப்பது பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலை நேரம் ஒரே ஓட்டம்தான்.

உங்கள் ஊர் பஸ் நேரங்களைக் காட்டும் நிரலைப் பொதுவில் போடப் போகிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ரெப்போவுக்கு, அதாவது நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிடங்குக்கு, ‘பஸ்-நியூ-வி2’ என்று பெயர் வைக்கப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தாய் பார், அதைப் படித்துவிட்டு ராத்திரியே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ரெப்போவின் பெயர் அதன் இணைய முகவரியில் ஒரு பகுதி. அதில் பதிப்பு எண் வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கே இது நடந்திருக்கிறது. 2005-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியை எழுதி, கெர்னலை அதில் வைத்தபோது ரெப்போவின் பெயர் ‘லினக்ஸ்-2.6 டாட் கிட்’. 2.6 வரிசை வருடக்கணக்கில் ஓடியது. 2011-இல் 3.0 வந்ததும் அந்தப் பெயர் பொய்யாகிவிட்டது. வெறும் ‘லினக்ஸ் டாட் கிட்’ என்று மாற்றினார்கள். பழைய முகவரியை வைத்திருந்தவர்கள் தவிக்கக் கூடாதே என்று அதற்கும் வழி விட்டு வைத்தார்கள். பதிப்பு எண்ணுக்கு இடம் டேக், அதாவது நிரலின் ஒரு நிலைக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு. ‘நியூ’ அதைவிட மோசம், அடுத்த வருடமே பழசாகிவிடும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ரெப்போக்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் பெயர்க் கட்டத்தில் தமிழில் அடித்துப் பார், அத்தனை எழுத்தும் மறைந்து வெறும் ஹைஃபனாக நிற்கும். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, ஹைஃபன், அண்டர்ஸ்கோர், இவ்வளவுதான் அங்கே செல்லும். சரி, ‘பேருந்து’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்றால், கடைசி எழுத்துக்கு ‘டி’ போடுவதா, ‘டிஎச்’ போடுவதா? ஆளுக்கொரு மாதிரி அடிப்பார்கள், பாதிப் பேருக்கு உன் ரெப்போ கிடைக்காது. ‘பஸ்’ என்றால் யாரும் தப்பாக அடிக்க மாட்டார்கள். தமிழ்ப் பெயரை விளக்க வரியில் போடு, ரீட்மீ என்கிற அறிமுகக் கோப்பில் பெரிதாகப் போடு.

எல்லாம் சின்ன எழுத்திலேயே இருக்கட்டும். கிட்ஹப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும், ஆனால் எல்லாக் கருவியும் அப்படி இல்லை. கோ என்கிற நிரல் மொழியில், பிறர் எழுதிய நிரலை உள்ளே இழுக்கும் இம்போர்ட் வரியில் ரெப்போ முகவரியையே எழுதுவார்கள். அந்த மொழியில் ‘லாக்ரஸ்’ என்று ஒரு லைப்ரரி, ஏகப்பட்ட பேர் பயன்படுத்துவது. 2017-இல் அதை எழுதியவர் முகவரியில் வரும் தன் பயனர் பெயரின் முதல் எழுத்தைப் பெரியதிலிருந்து சின்னதாக மாற்றினார். பிரவுசரில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கோ கம்பைலருக்கோ அவை இரண்டு வெவ்வேறு பேக்கேஜ். ஒரே திட்டத்துக்குள் ஒரு இடத்தில் பழைய வடிவமும் இன்னொரு இடத்தில் புதிய வடிவமும் வந்துவிட்டால் நிரலைத் தொகுக்கும் பில்ட் நின்றுவிடும். ஒரே ஒரு எழுத்து!

அப்புறம், பெயருக்கு முன்னால் வரும் உரிமையாளர் பகுதி. இதில்தான் நான் பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் முகவரிக்குள் குழுவின் பெயரைச் சேர்த்திருந்தோம். பிறகு குழுவைக் கலைத்துவிட்டார்கள். ஒவ்வொரு சர்வராக உள்ளே போய் முகவரியை மாற்ற ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல்’ அடித்து, ‘கிட் ரிமோட் -வி’ போட்டு ஃபெட்ச் (எடுப்பது), புஷ் (அனுப்புவது) இரண்டு வரியையும் சரிபார்த்து முடிக்க மூன்று ராத்திரி ஆனது. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் இருக்கிறதே என்பாய். பழைய முகவரியில் இன்னொருவர் அதே பெயரில் ரெப்போ தொடங்கும் வரைதான் அது. 2018-இல் ‘கோ-பின்டேட்டா’ என்ற கோ மொழிக் கருவியை எழுதியவர் தன் கிட்ஹப் கணக்கையே அழித்தார், அதே பயனர் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அவர் நல்ல எண்ணத்தோடு பழைய நிரலைத் திரும்ப வைத்தார். கெட்ட எண்ணம் இருந்திருந்தால்? அதனால் உன் சொந்தக் கணக்கில் போடாதே. பஸ் வேலைக்கென்று தனி ஆர்கனைசேஷன் (பலர் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு) தொடங்கு. நாளைக்கு நீ வேறு வேலையில் மூழ்கினாலும் ஊர்ப் பையன்கள் அதே முகவரியில் தொடரலாம்.

இடமே மூடப்படுவதும் உண்டு. கிட்ஹப் போலவே ரெப்போக்களை வைத்திருந்த கூகுள் கோட் தளம் 2016 ஜனவரியில் மூடியது. அந்த முகவரியை இம்போர்ட் வரியில் எழுதியிருந்த நிரல்களையெல்லாம் திருத்த வேண்டி வந்தது. கையில் காசிருந்தால் சொந்த டொமைன் ஒன்று வாங்கி, அதிலிருந்து ரெப்போவுக்கு வழி காட்டிவிடு. மக்களுக்கு அந்த முகவரியையே கொடு.

முகவரியின் கடைசியில் வரும் ‘டாட் கிட்’ பற்றிக் கவலைப்படாதே. இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்ஹப்பில் குளோன் (ரெப்போவின் முழு நகல்) ஆகும், ஃபோல்டர் பெயரில் அது ஒட்டாது.

ஊர்ப் பெயர், ஒரு ஹைஃபன், பஸ். இப்படி வைத்தால் என்ன? யோசித்து எழுது. என் பதிலைப் பார்க்கும் முன்பே பொதுவில் விட்டிருந்தாலும் பரவாயில்லை, யாரும் குளோன் எடுப்பதற்குள் மாற்றிவிடு. முதல் குளோன் எனக்குத்தான்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அன்பு நண்பன்