பேலட் கட்டையில் இருந்த முத்திரை

திருவொற்றியூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் மாடியில் பூந்தொட்டி வைக்கப் பலகை தேடி, தண்டையார்பேட்டையில் பழைய பேலட் கட்டை (சரக்கு அடுக்குகிற மரத்தட்டு) விற்கிற இடத்துக்குப் போனேன். எல்லாம் பைன். கோதுமைக் கதிர் போட்ட முத்திரை, பக்கத்தில் 'எச்.டி.' என்ற எழுத்து. துறைமுகத்தில் வேலை பார்த்தபோது அதை எத்தனையோ தடவை பார்த்தேன், ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. இந்தத் தடவை விடாமல் தேடிப் படித்தேன்.

முக்கியக் காரணங்களில் ஒன்று ஒரு நீள்கொம்பு வண்டு. மோனோகாமஸ் என்று பெயர். ஆண் வண்டின் உணர்கொம்பு உடம்பைவிட இரண்டு மடங்கு நீளம்! நலிந்த பைன் மரத்தின் பட்டையில் முட்டையிடும், புழு உள்ளே துளைத்து வளரும். நல்ல மரத்தைச் சாகடிக்கும் வலு அதற்குக் கிடையாது. ஆனால் அதன் மூச்சுக் குழாய்களுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நூற்புழுக்கள் ஆயிரக்கணக்கில் சவாரி செய்யும். வண்டு இளங்கிளையைக் கடித்த காயம் வழியே அவை மரத்துக்குள் இறங்க, நீர் ஏறுவது நின்று, சில மாதங்களில் மரம் சிவந்து காய்ந்துவிடும்.

ஜப்பானில் நாகசாகிப் பக்கம் 1905 வாக்கிலேயே பைன் மரங்கள் இப்படிச் செத்திருக்கின்றன. நூற்புழுதான் காரணம் என்று நிரூபித்தது 1971இல். அதுவரை பழி முழுக்கப் பூச்சிகளின் தலையில். இதைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. வட அமெரிக்கப் பைன்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் புழு அது. மரச் சரக்கோடு கடல் கடந்து வந்ததால்தான் இவ்வளவு நாசம். 1999இல் போர்ச்சுகலிலும் கண்டுபிடித்தார்கள். இந்த மாதிரிப் பூச்சி, புழு பரவாமல் இருக்கத்தான் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏற்றி, 30 நிமிடம் விடாமல் வைத்திருந்து 'எச்.டி.' (ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது சூடேற்றியது) என்று குத்துகிறார்கள்.

எண்ணூர் கரைச் சவுக்குத் தோப்பை 'நம்ம ஊரு பைன்' என்போமே, நினைவிருக்கிறதா? இலை ஊசி மாதிரி இருந்தாலும் சவுக்கு அந்த இனமே இல்லையாம், பூக்கிற மரம். ஆனால் நீ இப்போது கொடைக்கானலில் நிஜப் பைனுக்கு நடுவே இருக்கிறாய். வெளிநாட்டு மரப்பெட்டி எது வந்தாலும் முத்திரையைப் பார். பட்டையோடு இருந்தால் தோட்டத்தில் போட்டு வைக்காதே.

அப்புறம், முத்திரை உள்ள பலகையாகத் தேடித்தான் வாங்கினேன். அந்தப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடித்திருக்கிறேன். பொங்கலுக்கு வா, காட்டுகிறேன்.

அன்புடன்,
மணி