ஈயப் பட்டி ஜன்னலுக்கு சிலிக்கான் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், வண்ணக் கண்ணாடி ஜன்னலில் மழைத்தண்ணீர் கசிந்தால், கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டிகளின் ஓரமெல்லாம் சிலிக்கான் பசை இழுத்துவிட்டால் போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. மற்றபடி நல்ல கட்டுரை, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பெங்களூரில் பிரேசர் டவுன், குக் டவுன் பக்கம் இன்னும் இடிக்காமல் மிஞ்சியிருக்கும் பங்களாக்களிலும் கன்டோன்மென்ட் தேவாலயங்கள் சிலவற்றிலும் இந்த வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

ஈயப் பட்டியில் இரண்டு பக்கமும் காடி, அதாவது நீளமான பள்ளம், இருக்கும். அதில் கண்ணாடித் துண்டுகளைச் செருகி, பட்டிகள் சேரும் இடத்தில் மட்டும் சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) வைப்பார்கள். அதனால் காடிக்குள் கண்ணாடி லொடலொடவென்றுதான் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்புகிற பொருள்தான் தண்ணீரையும் தடுக்கிறது, ஆட்டத்தையும் நிறுத்துகிறது, முழு ஜன்னல் பலகத்துக்கும் விறைப்பும் கொடுக்கிறது. ஓரத்தில் இழுக்கிற சிலிக்கான் காடிக்குள் போவதே இல்லை, மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், எங்காவது ஒரு கீறல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கும்.

அது மட்டுமில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் காயும்போது வினிகர் வாசனை அடிக்கிறதே, அது அசிட்டிக் அமிலம், ஈயத்தை அரிக்கும். அப்படிப் பூசிய பலகம் ஒன்று என் மேசைக்கு வந்தபோது பட்டி நெடுக வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வாசனை வராத நியூட்ரல் வகையில் இந்தத் தொல்லை கிடையாது என்பது உண்மைதான், ஆனால் அதையும் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு, மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் வேறெதுவும் பிடிக்காது. ஈயப் பட்டி நூறு வருஷம் உழைத்தாலும் ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும், அன்றைக்குக் கண்ணாடி உடையாமல் வர வேண்டாமா?

காடியை நிரப்பும் பழைய முறை எளிது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் (பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள்), கொஞ்சம் டர்பன்டைன், சாக் பவுடர், கறுப்புக்குப் புகைக்கரி, அவ்வளவுதான். அடை மாவு பதத்துக்குக் கலந்து, பலகத்தைச் சமமாகக் கிடத்தி, கட்டைப் பிரஷ்ஷால் எல்லாத் திசையிலும் தேய்த்துப் பட்டியின் உதட்டுக்கு (காடியின் விளிம்புக்கு) அடியில் தள்ள வேண்டும். அப்புறம் காய்ந்த சாக் பவுடரோ மரத்தூளோ தூவித் தேய்த்தால் மிச்ச எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும், ஈயமும் கருத்து மினுங்கும். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே வேலை. மறுநாள் கூரான குச்சியால் ஓரங்களைச் சுரண்டிவிட்டு, சில நாள் அசைக்காமல் விட வேண்டும், முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது, ஈரமும் குளிரும் சேர்ந்த நாட்களில் இன்னும் இழுக்கும், அதனால் பெங்களூரில் நான் இந்த வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஓவியம் தீட்டிய கண்ணாடி என்றால் மட்டும் பிரஷ் போடாதீர்கள், பழைய தீட்டல் உரிந்துவிடும். அங்கே தச்சர் வைக்கிற மக்கு போலக் கெட்டியாகப் பிசைந்து கட்டைவிரலால் அழுத்தி, பட்டியின் உதட்டை மெதுவாக மடக்க வேண்டும். நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். தடிமன் ஒரே சீராக இல்லாத கண்ணாடிக்கும் இதுதான் சரி. வெள்ளை சிமெண்டைக் கரைத்துப் பூசுகிறவர்களையும் எபாக்சி பசை வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முன்னது விரிசல் விடும், அதன் காரம் ஈயத்துக்கும் ஆகாது. பின்னதைப் பிரிக்கவே முடியாது.

சிலிக்கானே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தயாரான பலகத்தைப் புது வீட்டு அலுமினியச் சட்டத்தில் பொருத்தும்போது சுற்று ஓரத்தில் நியூட்ரல் வகை போட்டால் குற்றமில்லை. செப்புத் தகடு சுற்றிச் செய்யும் விளக்குக் கூண்டுகளுக்கு எந்தக் கலவையுமே தேவையில்லை, அங்கே கண்ணாடியின் ஓரம் முழுக்க சால்டர் ஓடியிருக்கும்.

சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றி வைத்திருந்து 1947-ல் திரும்பப் பொருத்தினார்கள். கழற்றிப் பூட்டலாம் என்பதுதான் இந்த ஜன்னல்களின் பெரிய வசதி, சிலிக்கான் கை வைப்பது அந்த வசதியில்தான்.

இன்னொன்று, பலகம் வயிறு தள்ளியிருந்தால் எந்தக் கலவையும் உதவாது. காற்றைத் தாங்கும் குறுக்குக் கம்பியோடு பலகத்தைக் கட்டியிருக்கும் செப்புக் கம்பிகள் அறுந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள். தேய்க்கும்போது எழும் தூசியில் ஈயம் இருக்கும், முகமூடி போடுங்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். கட்டுரையில் இது எதுவுமே இல்லை. ஜூன் மழைக்கு முன் கான்ட்ராக்டரைக் கூப்பிடத் தயாராக இருக்கும் வாசகர்களுக்காக ஒரு திருத்தமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கண்ணாடித் தொழிலாளி,
லிங்கராஜபுரம், பெங்களூரு