கோமு, நீ வா என்றுதான் சொல்வேன்

அன்புள்ள கோமு,

உன் மெயில் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது, பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். ஃபோனில் பேசியிருக்கலாம்தான், ஆனால் ஃபோன் என்றால் நீ பத்து நிமிஷத்தில் பேச்சை எங்கம்மாவின் மூட்டு வலிக்குத் திருப்பிவிடுவாய், விஷயம் அப்படியே கிடக்கும். அதனால் அம்மா சமாசாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊசி போட்டுக்கொண்ட பிறகு மாடிப்படி ஏறுகிறாள், இறங்கத்தான் தகராறு. பெரியவள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள், உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்பதில்லை. சரி, உன் கதைக்கு வருகிறேன்.

சென்னையில் டைரக்டர் போஸ்ட், சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, வாரத்தில் நாலு நாள் சோழிங்கநல்லூர் ஆபீஸில் இருந்தாக வேண்டும், உன் வீட்டுக்காரர், நம் அண்ணா, கோவைப் பம்ப் செட் பட்டறையை விட்டுவிட்டு வர முடியாது, மாமியார் "இந்த வயசுல எதுக்கும்மா" என்கிறார். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் "நீதான் இதிலெல்லாம் தெளிவானவள், நீ சொல்" என்று முடித்திருந்தாய் பார், அந்த ஒரு வரியால்தான் பதில் எழுதவே கை வரவில்லை. தெளிவும் இல்லை, ஒன்றும் இல்லை. மேனேஜர் வேலையிலிருந்து திரும்பவும் டெக்னிக்கல் பக்கம் போனேன், நடந்தது அவ்வளவுதான். நம் காலேஜ் குரூப்பில் என்னடாவென்றால் நான் ஏதோ காவி கட்டிக்கொண்டதாகப் பேசுகிறார்கள்.

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, கோமு. கோட் எழுதுவதும், எங்கே உதைக்கிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து கண்டுபிடிப்பதும் பிடித்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், அதில் நன்றாகச் செய்ததற்குப் பரிசாக அதைச் செய்யவே விடாத நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் நன்றாக உழைத்திருந்தாலும் அதில் யாராவது இரண்டு பேரைக் கீழ் ரேட்டிங்கில் தள்ளியாக வேண்டும், அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு ஃபோன் கால். அங்கே ஒருவர் காலைக் காபியோடு உற்சாகமாக ஆரம்பிப்பார், இங்கே நான் குழந்தைக்குத் தோசை வார்த்துக்கொண்டே ம்யூட்டை எடுத்து எடுத்துப் போடுவேன். இதெல்லாம் சகித்துக்கொள்ளக்கூடியதுதான், நிறையப் பேர் சகிக்கிறார்கள், சிலருக்குப் பிடித்தும் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. திருவான்மியூர் வீட்டுக் கடன் முடிந்த பிறகுதான் இந்த வீரம் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள், இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்திருந்தால் இந்நேரம் நானும் யாருக்காவது ரேட்டிங் போட்டுக்கொண்டிருப்பேன். மனசுக்குப் பிடித்ததைச் செய் என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் தங்கள் வீட்டுக் கடன் பாக்கியைச் சொல்லிவிட்டுப் பேசுவதில்லை, கவனித்திருக்கிறாயா?

அப்புறம், வலிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். போன அப்ரைசலில் எனக்கு ரேட்டிங் போட்டவன் நானே இன்டர்வியூ எடுத்துச் சேர்த்த பையன். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். ஆனாலும் அந்த அரை மணி நேரம் வயிற்றுக்குள் ஏதோ எரிந்துகொண்டே இருந்தது. கல்யாண வீட்டில் "இப்போ என்னவா இருக்கே?" என்று பெரியப்பா கேட்டால் பழைய பதவியைச் சொல்லத்தான் வாய் வருகிறது. சம்பளம் குறைந்தது இவ்வளவு உறைக்கவில்லை. செலவைக் கொஞ்சம் சுருக்கினால் மாதம் ஓடிவிடுகிறது, நாலு பேர் நடுவில் கிடைக்கிற அந்த மதிப்பை எதைச் சுருக்கிச் சமாளிப்பது? பணத்துக்காகத்தான் ஓடுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி நிஜமில்லை என்று நினைக்கிறேன்.

கிடைத்தது என்ன என்று கேட்பாய். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி கிடைத்தது. ரிலீஸ் எல்லாம் வெள்ளி ராத்திரிதான் போகும் என்பது உனக்கே தெரியும், வருஷக்கணக்கில் அந்த ராத்திரி எனக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. இப்போது கடல் ஆமை முட்டையிடக் கரையேறுகிற சீசனில் சில வாரம், அந்த முட்டைகளைக் காப்பாற்றுகிற ஒரு குழுவோடு நடக்கப் போகிறேன். நீலாங்கரையில் ஆரம்பித்து பெசன்ட் நகர் வரை, நடு ராத்திரிக்குப் பக்கத்தில் கிளம்பினால் விடியற்காலை ஆகிவிடும், டார்ச் கூடாது, கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். 1988இலிருந்து மாணவர்கள் நடத்திவருகிற குழு அது, நாம் காலேஜில் படித்தபோதும் இருந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. பங்குனி ஆமை கரையேறிப் போன தடம் ஈர மணலில் சின்ன டிராக்டர் ஓட்டிப் போன மாதிரி கிடக்கும். தடம் திரும்புகிற இடத்தில் மணல் கலைந்திருக்கும், அங்கே ஒரு கம்பை மெல்ல இறக்கிப் பார்ப்பார்கள், கெட்டியாக எதிர்த்துக்கொண்டிருந்த மணல் ஓரிடத்தில் சட்டென்று இளகிக் கொடுத்தால் கீழே குழி. வாய் குறுகி அடியில் அகன்று இருக்கும், குப்புறப் படுத்துக்கொண்டு தோள் வரை கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஓடு கெட்டியாக இருக்காது, விரல் பட்டால் மெத்தென்று குழியும். ஒரு குழியில் நூறுக்கு மேல்கூட இருக்கும். நாய் தோண்டிவிடும், பொரிந்து வந்தாலும் தெருவிளக்கைக் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் போய்விடும் என்பதால், துணிப்பையில் எடுத்துக்கொண்டுபோய்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டி வைப்பார்கள். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு வெளியே வரும். மணல் சூடாக இருந்தால் பெண் அதிகம், சூடு குறைந்தால் ஆண் அதிகமாம்.

பல ராத்திரி ஒரு தடம்கூட இருக்காது, சும்மா நடந்துவிட்டு வர வேண்டியதுதான். அதைவிட எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, அங்கே நான் ஜூனியர். பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி "ஆன்ட்டி, மெதுவா, முட்டையைத் திருப்பாதீங்க" என்று அதட்டுகிறாள், நானும் சரிம்மா என்கிறேன். என் ரேட்டிங் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ நானும் வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று எழுதிவிடாதே. நீ வேறு, நான் வேறு. கடைசி வருஷம் சிம்போசியம் நடத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்பான்சர் கடைசி நேரத்தில் கைவிட்டான், சமையல்காரர் வரவில்லை, சீஃப் கெஸ்ட் வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். நாங்களெல்லாம் அழுகிற நிலைமையில் இருந்தோம், நீ ஒரு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு யார் எங்கே போகணும் என்று அனுப்பிக்கொண்டிருந்தாய், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாலு பேர் சண்டையைத் தீர்த்து, வேலையைப் பிரித்துக் கொடுத்து, நின்றுபோன வண்டியை ஓடவைப்பது உனக்கு விளையாட்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு டைரக்டர் என்ன பண்ணிக்கொண்டிருப்பாரோ அதை நினைத்துப் பார், கார்டில் அச்சடிக்கிற பெயரை விட்டுவிடு. எனக்கு அது தண்டனை. உனக்கு அப்படி இருக்காது என்றுதான் தோன்றுகிறது. வேலையில் முன்னேற வேண்டும் என்கிற ஆசை ஒரு பக்கம், வாழ்க்கையை அனுபவிப்பது இன்னொரு பக்கம் என்று தராசில் வைக்கச் சொல்கிறார்களே, உன் விஷயத்தில் அந்தத் தராசே சரியில்லை.

அப்புறம் இந்த "இந்த வயசுல எதுக்கு" விஷயம். அண்ணா போன வருஷம் லோன் போட்டுப் புது லேத் இறக்கினாரே, அவரை யாராவது இந்த வயசில் எதுக்கு என்று கேட்டார்களா? உங்கம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை உன் தம்பி பிறந்ததும் விட்டார்கள். இன்னும் எந்தப் பேச்சு வந்தாலும் "எங்க சூப்பர்வைசர் சொல்வாங்க" என்றுதானே ஆரம்பிக்கிறார்கள். மாமியார் மேல் கோபப்படாதே, அவருக்கு நீ போய்விட்டால் சாயங்காலம் பேச ஆள் இல்லை, அதுதான் உள்ளே இருக்கும்.

ஆனால் பேரம் பேசாமல் வராதே. இங்கேதான் நான் கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்.

2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார், வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். (மனைவியும் ஆபீஸில் இருப்பாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.) 90 என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து தினம் கிட்டத்தட்ட 13 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35லிருந்து 40 மணி வரை செய்கிறவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகிற ஆபத்து 17 சதவீதம் அதிகம். நான் மேனேஜராக இருந்தபோது 55 எல்லாம் சாதாரண வாரம்.

எனக்கு எரிச்சல் இதில்தான். நேரத்தைக் கேட்டால் சோம்பேறி, சொகுசு கேட்கிறாள் என்று ஒரு பார்வை பார்க்கிறார்களே, இந்த ஊரில் அதை முதலில் கேட்டவர்கள் சொகுசுக்காரர்களா? 1918இல் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளிகள் கூடித்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது, வாடியாவும் திரு.வி.க.வும் கூட நின்றார்கள். அவர்களுடைய குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது. சாப்பாட்டுக்குடி! 1923இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தை இங்கேதான் நடத்தினார், அதில் ஒரு கூட்டம் திருவல்லிக்கேணி கடற்கரையில். ஃபேக்டரியில் வாரத்துக்கு 48 மணிதான் என்று 1948 சட்டத்திலேயே வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள், தொழிற்சங்கங்கள் போட்ட சத்தத்தில் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வரே அறிவித்தார். அப்போது ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் நாம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நமக்குத்தான் எந்தச் சட்டமும் தேவைப்படவில்லையே, யாரும் கேட்காமலேயே பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நம் ஆபீஸ் வாசலில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிற டெலிவரிப் பையனுக்கு வேறு வழியில்லை, ஓடுகிறான். நமக்குக் கேட்க வாய் இருந்தது.

அதனால் நீ கேள். நாலு நாளை மூன்றாக்கு. திங்கள் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் செவ்வாய் காலை இங்கே, வியாழன் ராத்திரி ஏறினால் வெள்ளி காலை கோவை, வெள்ளியும் திங்களும் வீட்டிலிருந்து வேலை. அவசரம் என்றால் வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. ராத்திரி கால் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று சொல். வாயால் சரி என்பார்கள், அதை நம்பாதே, மெயிலில் வாங்கு. இவ்வளவு தூரம் வந்து கேட்கிறார்கள் என்றால் உன் தேவை அவர்களுக்கு இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற வரைக்கும்தான் உன் பேச்சுக்கு விலை. பழைய கம்பெனியில் கிராஜுவிட்டி கணக்கைப் பார்த்துக்கொள். அப்பாவுடைய மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இந்தக் கம்பெனி வழியாகத்தானே ஓடுகிறது, புது இடத்தில் பெற்றோருக்கு கவர் உண்டா, முதல் நாளிலிருந்தே உண்டா என்று கேட்டுக்கொள், அவர் வயசுக்குத் தனியாக எடுத்தால் பிரீமியம் கடிக்கும்.

தங்குவது எங்கே என்று யோசிக்கவே வேண்டாம், எங்கள் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. இங்கேயிருந்து சோழிங்கநல்லூர் பக்கம்தான், ஆனால் மெட்ரோ வேலைக்காக ஓஎம்ஆரில் பாதி ரோட்டை அடைத்து வைத்திருப்பதால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றன்றைக்கு உன் ராசி. ஈசிஆர் வழியாகப் போய் அக்கரையில் திரும்பிவிடலாம். வாடகை வாங்க மாட்டேன், அதற்குப் பதில் அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்க்க வேண்டும், அது வாடகையைவிட அதிகம் என்று நீ பிறகு சொல்வாய். மார்கழியில் அமெரிக்காக்காரர்கள் வருஷக் கடைசி என்று எல்லா ரிலீஸையும் நிறுத்திவைப்பார்கள் இல்லையா, அந்த இரண்டு வாரம் மத்தியானக் கச்சேரிக்கு ஓடிவிடலாம், நிறைய சபாக்களில் மத்தியானம் டிக்கெட்டே வாங்க வேண்டாம். கேண்டீனில் மட்டும் வரிசை உண்டு.

உன் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? தொண்ணூறு நாள் என்றால் அதைக் குறைக்க இப்போதே பேச ஆரம்பி. ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். அண்ணாவைக் கேட்டதாகச் சொல், புது லேத் ஓடுகிறதா?

உன்
வசு