மலைத் தடத்து ஜீப்புக்கு வயதை வைத்துக் கட்டணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வயதைத் தாண்டிய கார், ஜீப்புகளின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய் என்று மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. ஜிஎஸ்டி தனி. எங்கள் மகேந்திரா ஜீப் 1996இல் பதிவானது. 2021இல் புதுப்பித்தபோது இதே கட்டணம் 600 ரூபாய்தான். இந்த வருடம் மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு மாநில அரசு போடும் பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல்.

எங்களுக்கு அந்தியூரில் மஞ்சள் தோட்டம். பர்கூர் மலையில் தாமரைக்கரைக்கு உள்ளே ராகியும் மக்காச்சோளமும் போடுகிற காடு ஒன்று இருக்கிறது. கொள்ளேகால் போகும் ரோடு தார் ரோடு, அதில் எந்தக் காரும் போகும். அதை விட்டு இறங்கினால் மண் தடம்தான், நடுவில் ஒரு பள்ளம் (ஓடை). ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தப் பள்ளத்தைத் தாண்ட நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் ஓட்டம் போகிற போர்வீல் (four-wheel) ஜீப்பைத் தவிர வேறு வண்டி கிடையாது.

பள்ளத்துக்கு முன்னால் இறங்கி, முன் சக்கரம் இரண்டிலும், சக்கரத்தை ஆக்சிலோடு (அச்சோடு) பூட்டும் ஹப் லாக்கைக் கையால் திருகிவிட வேண்டும். பிறகு கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் கம்பிகள். ஒன்று முன் சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கும், மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியர். முதல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டால் போதும், ராகி மூட்டையோடு நடை வேகத்தில் அக்கரை ஏறிவிடும். அவசரப்பட்டு மிதித்தால் சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்துக்கொள்ளும். தார் ரோடு வந்ததும் முன் சக்கர ஓட்டத்தை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். வளைவில் முன் சக்கரம் ஓடுகிற தூரம் வேறு, பின் சக்கரம் ஓடுகிற தூரம் வேறு. சேற்றில் அது வழுக்கிச் சரியாகிவிடும். தாரில் வழுக்க இடமில்லாததால் டயர் தேயும், கம்பியும் இறுகிக்கொண்டு வெளியே வராது.

2009இல் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இதை வாங்கினோம். கூட வந்த பட்டறைக்காரர் எஞ்சினைக் கேட்கவேயில்லை. கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் சேசியை (வண்டியின் அடிச்சட்டத்தை) முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனார். பின்பக்கம் ஓரிடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டது. அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார், துரு பொலபொலவென்று கொட்டியது. "ஏனுங்க, எஞ்சினை எப்ப வேணாலும் பிரிச்சுக் கட்டிக்கலாமுங்க. சேசி போச்சுன்னா வண்டியே போச்சுங்க" என்றார். அந்த இடத்தை அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் மலைக்கு எடுத்துப் போனோம். (வாங்க நினைப்பவர்கள் முன் சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகும் முன் ஷாஃப்ட் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டீசல் மிச்சமாகட்டும் என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, போர்வீல் என்று விற்கிறவர்கள் உண்டு.) அதன்பிறகு கிரீஸ் தவறியதில்லை. பள்ளத்துத் தண்ணீரில் இறங்கிய வாரம் முன் ஆக்சிலின் ஆயிலையும் திறந்து பார்ப்போம். ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

இப்படிப் பார்த்துக்கொள்கிற வண்டிக்கும், ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் போய்ப் புகை கக்கிக்கொண்டு ஓடுகிற வண்டிக்கும் ஒரே கட்டணம் என்றால், பராமரிக்கிறவனுக்கு என்ன மரியாதை? பழைய டீசல் புகை கெடுதல்தான், அதை நான் மறுக்கவில்லை. என் பேரனும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறான். ஆனால் 2021இல் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையே, சோதனையில் தேறாத வண்டியைத்தான் கழிக்கச் சொல்கிறது. கட்டணம் மட்டும் ஏன் வயதைப் பார்க்கிறது? புதுசாக ஒரு போர்வீல் ஜீப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. மலைக்காட்டு ராகியில் அதற்குத் தவணை கட்ட முடியாது.

பதினைந்து வருடம் ஆனால் வண்டியைப் பிடுங்கி உடைத்துவிடுவார்கள் என்று பயந்து, நல்ல ஜீப்பை எங்கள் பக்கம் சிலர் இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்ற கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்குத்தான். நம் மாநிலத்தில் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இதைத் தங்கள் நாளிதழ் விவரமாக வெளியிட வேண்டும்.

ஆய்வாளர்கள் சேசி, ஸ்டீயரிங் ஆட்டம், பிரேக், புகை நான்கையும் கறாராகப் பார்க்கட்டும். தேறாவிட்டால் என் வண்டியையும் நிறுத்தட்டும். தேறுகிற வண்டி மலைக்கிராம விவசாயியின் பெயரில் இருந்தால், பழைய 600 ரூபாயையே வாங்கிக்கொள்ளட்டும். அந்தியூர் திருப்பூர் நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. எங்கள் உறுப்பினர் வரும் கூட்டத்தொடரிலேயே சாலைப் போக்குவரத்துத் துறை அமைச்சரிடம் இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மலைக்காட்டு விவசாயி ஒருவர்,
அந்தியூர், ஈரோடு மாவட்டம்.