ஸ்வரக் குறிப்பில் கமகக் குறிகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு,

வழக்கமான பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே ஒலிக்கும் நுண்சுருதிகளைத் தாளில் எழுதுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகைகளில் யாரும் தொடாத விஷயம். எழுதியவருக்கும் வெளியிட்ட உங்களுக்கும் நன்றி. ஆனால் கட்டுரை போய் முடிகிற இடம் எனக்குச் சம்மதமில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் எத்தனை சென்ட் உயரத்தில் ஒலிக்கிறது என்று கம்ப்யூட்டரில் அளந்து, அந்த எண்ணை ஸ்வரத்தின் தலைமேல் போட்டுவிட்டால் தோடி, சஹானா போன்ற ராகங்கள் இனி அழியாது என்கிறார் கட்டுரையாளர். (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 என்று கணக்கு.) வீணை சொல்லிக்கொடுப்பவள் நான். 316 என்று எழுதிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையின் விரலுக்கும் ஒன்றும் புரியாது. எண்ணுக்குப் பதில், ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகங்களுக்குக் குறி போடுவதே வழி என்பது என் கட்சி.

வாசிப்பவருக்காக எழுதும் குறிப்பு, கையும் தொண்டையும் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொன்னால் போதும். எழும் ஒலி எத்தனை அதிர்வு என்பது ஆராய்ச்சியாளரின் வேலை. இரண்டையும் ஒரே தாளில் ஏற்றப் பார்ப்பதால்தான் சிக்கல்.

கட்டுரையாளர் மேற்கத்திய உதாரணங்களைத் துணைக்கு அழைக்கிறார். அவற்றையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அமெரிக்க இசையமைப்பாளரான ஹாரி பார்ட்ச் ஒரு ஸ்தாயியை 43 ஆகப் பிரித்தவர். அதற்காகக் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ரீட் ஆர்கனை (ஹார்மோனியம் போன்றது) சுருதி மாற்றிக் குரோமெலோடியன் என்று பெயர் வைத்தார். அதில் ஒரு ஸ்தாயி, சாதாரணக் கட்டைவரிசையில் மூன்றரை ஸ்தாயிக்கும் மேலாக நீண்டு கிடக்கும். அதற்கு அவர் எழுதிய தாள், எந்தக் கட்டையை அழுத்து என்றுதான் சொல்கிறது. என்ன கேட்கும் என்று சொல்வதில்லை. அதே தாளைப் பியானோவில் வைத்து வாசித்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று வரும். அவருடைய மற்ற வாத்தியங்களுக்கும் எண்ணும் குறியுமாகத் தனித்தனி முறைகள் உண்டு. இதில் நஷ்டமும் இருக்கிறது: வாத்தியம் கையில் இல்லாதவருக்கு அந்தத் தாள் வெறும் காகிதம். ஆனால் வாத்தியத்தின் முன் உட்கார்ந்தவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

இன்னோர் அமெரிக்கரான சார்ல்ஸ் ஐவ்ஸ் 1923–24இல் கால்சுருதிப் (பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவேயுள்ள தூரத்தில் பாதி, 50 சென்ட்) பியானோத் துண்டுகள் எழுதியபோது இன்னும் சுலபமான வழி பிடித்தார். இரண்டு பியானோ, ஒன்றின் சுருதியை மற்றதிலிருந்து கால்சுருதி தள்ளி வைத்துவிட்டார். இருவரும் தங்களுக்குப் பழகிய நொட்டேஷனைத்தான் வாசிக்கிறார்கள். பாரிஸில் வாழ்ந்த ரஷ்யரான விஷ்னெகிராட்ஸ்கியும் இந்த வழிக்கே வந்தார்.

எதிர்த்திசையில் போனவர் பென் ஜான்ஸ்டன். பார்ட்சிடமே கொஞ்சகாலம் இருந்து பழகியவர்தான், ஆனால் குறிப்பு எந்த வாத்தியத்தையும் சார்ந்திருக்கக் கூடாது, ஒலியின் இடத்தையே துல்லியமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். அதற்காகக் கூட்டல், கழித்தல், அம்பு, எண் என்று குறிகளை அடுக்கினார். 1984இல் எழுதிய ஏழாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை) ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனிச் சுருதிகள் வருகின்றன. தாளில் எல்லாம் தெளிவு. வாசிக்கத்தான் பல்லாண்டுகள் ஆள் கிடைக்கவில்லை. கெப்ளர் குவார்ட்டெட் என்ற குழு, ஜான்ஸ்டன் உயிரோடிருந்த நாளிலேயே அவர் துணையோடு அவருடைய பத்துக் குவார்ட்டெட்டுகளையும் பதிவுசெய்து முடித்தது 2016இல். துல்லியமான தாள் இருந்தும் பக்கத்தில் ஆசிரியர் வேண்டியிருந்தது. நமக்கு இது புதுச் செய்தியா என்ன?

இன்று ஐரோப்பாவில், நொட்டேஷன் குறிகளோடு ஸ்வரத்துக்கு மேல் சென்ட் எண்ணையும் எழுதும் பழக்கம் இருக்கிறது என்று கட்டுரையாளர் சொல்வது உண்மை. ஆனால் வயலின்காரர் அந்த எண்ணை வைத்து, ஒரே நிலையில் நீட்டிப் பிடிக்கவேண்டிய ஸ்வரத்தின் இடத்தைத் தேடிக்கொள்கிறார். பிறகு பக்கத்து வாத்தியத்தின் ஒலியோடு இழையும்வரை காதால் சரிசெய்கிறார். நிற்கிற ஸ்வரத்துக்கு எண் பொருந்தும். தோடி காந்தாரம் நிற்கிறதா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. அதன் சராசரியை அளந்து ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணில் ஆடாமல் அசையாமல் பிடித்துப் பாருங்கள், தோடி எங்கே என்று தேடவேண்டியிருக்கும். சுரட்டியில் காந்தாரம் மத்யமத்தின் மடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதற்கு எந்த எண்?

நம்மைப்போலக் கேட்டுக் கேட்டே பாடம் வளர்ந்த துருக்கியைப் பார்க்கலாம். அங்கே ஸ்தாயியை 53 கொம்மாவாகப் பகுத்து, ஒரு கொம்மா, நாலு கொம்மா, ஐந்து கொம்மா என்று தனித்தனிக் குறிகளோடு பாடநூல் முறை வந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் உஷாக் என்ற மகாமில் (நம் ராகம் போன்றது) இரண்டாம் ஸ்வரம் தாளில் உள்ள குறியைவிடத் தாழ்ந்துதான் ஒலிக்கிறது, இறங்கும்போது இன்னும் தாழ்கிறது. கேட்டுப் பழகியவர் எவரும் குறியை நம்பி வாசிப்பதில்லை. ஈரானில் இசைக்கலைஞர் அலிநகி வசீரி கோரோன், சோரி என்று இரண்டே குறிகளை ஏற்படுத்தினார். ஒன்று கொஞ்சம் இறக்கு, மற்றது கொஞ்சம் ஏற்று. எவ்வளவு என்பதை தஸ்த்காவும் (அவர்களுடைய ராக அமைப்பு) குருவும் தீர்மானிக்கும். எனக்கு வசீரியின் வழிதான் பிடிக்கிறது. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில், ஸ்தாயியை 24 சமபங்காகப் பிரிக்கலாமா என்று அறிஞர்கள் வாதாடினார்கள்; ஐரோப்பிய இசையமைப்பாளர்களான பார்ட்டோக்கும் ஹிண்டமித்தும்கூட வந்திருந்த மாநாடு அது. வாதம் அங்கே முடியவில்லை.

நம் ஊரில் ஆபிரகாம் பண்டிதர் இந்தக் கணக்கை எவ்வளவு பாடுபட்டுப் போட்டார் என்பது ‘கருணாமிர்த சாகரம்’ புரட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்பதை மறுத்து 24 என்று நிறுவினார், 1916இல் பரோடா இசை மாநாட்டிலும் அதை எடுத்துச் சொன்னார். அது சுருதியின் இலக்கணத்தைப் பற்றிய கேள்வி, பெரிய கேள்வி. ஒரு கீர்த்தனையைத் தாளைப் பார்த்து எப்படி வாசிப்பது என்பது வேறு. அதற்கான விடை பண்டிதரின் நூலுக்கு முன்பே, 1904இல், எட்டயபுரத்தில் அச்சாகிவிட்டது. கீர்த்தனைகளைக் கமகக் குறிகளோடு தரும் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத்தான் சொல்கிறேன். கட்டுரையில் அதன் பெயர்கூட வராதது எனக்கு வருத்தம்.

தீட்சிதர் சென்ட்டும் எழுதவில்லை, விகிதமும் எழுதவில்லை. ஸ்வரத்தை ஆட்டும் கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் இருபுறச் சாய்கோடுகள், இரட்டிக்கும் ஸ்வரத்தைக் கீழிருந்து தட்டி எழுப்பும் ஸ்புரிதத்துக்குப் புள்ளிகள். நொக்கு, ரவை, வளி, ஒடுக்கல், ஒரிகை என்ற மற்றக் கமகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. முன்பக்கங்களில் இவற்றுக்கு அவர் தரும் விளக்கம் வீணைக்காரரின் கையை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது. ஒடுக்கல் என்றால் ஒரு மெட்டில் (வீணைத் தந்திக்கு அடியிலுள்ள கட்டை) மீட்டித் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைப் பேசவைப்பது. ஜாரு என்றால் விரல் தந்தியோடு வழுக்கிப் போவது. படித்தவுடன் இடதுகை தானாக நகரும். பாடுபவருக்கும் எங்கிருந்து எங்கே அசைவது என்று விளங்கிவிடும். இப்படிச் செய்துபார்த்த பிறகு நுண்சுருதி தானாக வந்து விழுகிறது, அதை யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சில கீர்த்தனைகளில் அவர் காட்டும் வடிவம் குருவழியாக வரும் இன்றைய பாடாந்தரத்திலிருந்து விலகியிருப்பதும், அதனால் ஓயாத சண்டைகள் நடப்பதும் எனக்குத் தெரியும். அப்படிச் சண்டை போடமுடிவதே அவர் குறி போட்டு எழுதியதால்தான். வெறும் ச ரி க ம மட்டும் இருந்திருந்தால் எதை வைத்துச் சண்டை போடுவது?

அந்த நூலுக்குப் பின் வந்த எத்தனையோ ஸ்வரப் புத்தகங்கள் குறிகளை உதறிவிட்டன. அச்சுக்கோப்பது கஷ்டம், விலை ஏறும், குரு இருக்கிறாரே என்று பல சமாதானங்கள். அன்றைக்குத் தனியாக எழுத்து வார்க்கவேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு என்ன? மொட்டை ஸ்வரத்தைப் பார்த்துப் பைரவி படித்துக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். காந்தாரத்தைக் கம்பம் நட்டதுபோல் பிடிக்கிறார்கள். பிள்ளைகள்மேல் தப்பில்லை, தாளில் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் இதழில் மாதாமாதம் வரும் ஸ்வரக் குறிப்புப் பக்கமும் இதே மொட்டை வகைதான். தீட்சிதரின் எல்லாக் குறிகளையும் போடுங்கள் என்று கேட்கவில்லை. கம்பிதம், இரண்டு ஜாரு, ஸ்புரிதம், நொக்கு இவை வந்தாலே முக்கால்வாசி வேலை ஆகிவிடும். அலைக்கோடும் சாய்கோடும் எந்தக் கம்ப்யூட்டர் கீபோர்டிலும் உண்டு. எந்தப் பாடாந்தரம் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் கடிதம் எழுதிச் சண்டைக்கு வருபவர்களும் குறைவார்கள். அடுத்த மாதம் சாவேரி வர்ணம் என்று அறிவித்திருக்கிறீர்கள். ரிஷபமும் தைவதமும் குறியில்லாமல் அச்சாவதற்கு முன்னால் பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், பென்சிலால் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வீணை ஆசிரியை,
கும்பகோணம்